தாமதம் மன்னிக்கப்பட்டது

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் என் மகள் தேவிப்ரியா தன் அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவரிடம் இருந்தது ஒரே வெள்ளைச் சட்டை. கல்லூரிக்கு அவளை அழைத்துப் போகும்போது போடுவதற்காக வைத்திருந்தது. முந்தின நாள் சாப்பிடும்போது பாக்கெட்டுக்குக் கீழே குழம்பைச் சிந்திவிட்டார். சோப்புக் கட்டியை வைத்துத் தேய்த்ததும் அந்த மஞ்சள் கறை சட்டென்று சிவந்தது.

"அய்யய்யோ, இன்னாம்மா இது, ரத்தமாட்டம்?" என்றார் அவர்.

"மஞ்சள்ப்பா. சோப்பு காரம். மஞ்சள் அத காட்டிக் குடுக்குது. எலுமிச்சம்பழம் தேச்சா மறுபடியும் பழைய கலரு வந்துடும். பாக்கிறியா?"

அடுப்பங்கரையிலிருந்து அரை எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து தேய்த்தாள். மஞ்சளானது. சோப்புப் போட்டாள். சிவப்பானது. அவர் சிரித்துக்கொண்டே, "இன்னொருக்கா பண்ணு," என்றார். மூன்றாவது தடவை நான் சத்தம் போட்டேன்: "ரெண்டு பேருமா சேந்து சட்டய கிழிச்சிக்கினு உக்காருங்க. பஸ்ஸுக்கு நேரமாவல?"

"வந்து வெயில்ல போடறேம்மா. வெயில் பட்டா கறை தானா பூடும். நீ எடுத்துடாத," என்று சொல்லிவிட்டு, சட்டையை வாளியில் போட்டுவிட்டு, உளுந்தூர்பேட்டை தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினாள். ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அது என்ன சான்றிதழ் என்று பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். கதையை முதலிலிருந்து சொல்லி முடிக்கும்வரை கோபத்தை ஒத்தி வைக்கப் பார்க்கிறேன்.

என் பெயர் பெரியநாயகி. ஊர் எலவனாசூர்கோட்டைக்குப் பக்கம். பத்தாவது வரை படித்தேன். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஏரியில் மண் வெட்ட யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுவது என் வேலை. போன வருஷம் காசியம்மாள் என்கிற வயதான கூலிக்காரி செத்துப்போனபோது, அவள் பெயர்மீது ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி போட்டு, சுருக்கக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடம் ஆகவில்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவி பன்னிரண்டாவது முடித்ததும் பி.எஸ்ஸி. வேதியியல்தான் படிப்பேன் என்றாள். கணினியில் விண்ணப்பம் போட்டபோது, விருப்பம் ஒன்று, விருப்பம் இரண்டு, விருப்பம் மூன்று என்று கட்டங்கள் இருந்தன. எங்கள் குடும்பத்தில் ஒருவரிடம் என்ன விருப்பம் என்று அரசாங்கம் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் ஒன்றல்ல, மூன்று. தேவி அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று கல்லூரிகளையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றாள்.

பார்க்கப் போகுமுன்பே ஒரு கல்லூரி எங்களைப் பார்க்க வந்துவிட்டது. ஞானவாரிதி கலை அறிவியல் கல்லூரி என்று பெயர். தனியார் கல்லூரி. கோயில் கோபுரம் மாதிரி நுழைவாயில், இரண்டு பக்கமும் சிமெண்டு மயில். அந்தக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் டை கட்டிக்கொண்டு, வெயிலில் வேர்த்து ஒழுகி, கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு எங்கள் வாசலில் நின்றார். பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கெல்லாம் கடிகாரம் இலவசம்.

"பத்து அட்மிஷன் புடிச்சாத்தாம்மா எனக்கு அடுத்த வருசம் வேல. ஒம்போது ஆயிடுச்சி," என்றார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. மோர் கொடுத்தேன்.

தேவி அவரிடம் கேட்டாள். "சார், மஞ்சள் ஏன் சார் சோப்புல செவக்குது?"

அவர் மோரைக் குடித்து முடித்தார். "எங்க காலேஜுல ஏசி பஸ் இருக்குதும்மா," என்றார்.

கடிகாரத்தை வாங்கிக்கொண்டோம். அது ஐந்து நிமிடம் பின்னால் ஓடுகிறது.

இரண்டாவது ஓர் அரசுக் கல்லூரி. பெரிய கட்டடம், வேப்பமரங்கள், தூண் தூணாகப் பழைய மாணவர்களின் பெயர்கள். ஆய்வகத்தைப் பார்க்கலாமா என்று தேவி கேட்டாள். அங்கே மேசையில் இருந்தவர் எழுந்து எங்களை அழைத்துப் போய், ஒரு பெரிய பூட்டைக் காட்டினார்.

"உள்ள எல்லாம் இருக்குது. சாவி மட்டும் ரிட்டயர் ஆனவருகிட்ட மாட்டிக்கினு இருக்குது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. பன்னண்டு வருசமா இந்த ஆய்வகத்துல ஒரு விபத்துகூட நடந்ததில்ல."

மூன்றாவதுதான் கல்லேரிக்குப்பம் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி. கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற பாதையில் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது என் வீட்டுக்காரர் பூமாலை விண்ணப்பத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உறுப்புன்னா கையி காலா?"

"ஆமாப்பா. பல்கலைக்கழகம் உடம்பு. இந்தக் காலேஜு அதுக்கு ஒரு உறுப்பு மாதிரி."

"எந்த உறுப்பு?"

"அத போட்டிருக்க மாட்டாங்க," என்று தேவி சிரித்தாள்.

இப்போது எனக்கு அது எந்த உறுப்பு என்று தெரியும். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதக்கூடாது.

அந்தக் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கட்டடம் வரும்வரை தற்காலிகம் என்றார்கள். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். மணமகன் அறை என்று எழுதிய இடத்தில் அலுவலகம். மணமகள் அறையில் முதல்வர். சாப்பாட்டுக் கூடத்தில் தமிழ், ஆங்கிலம், வரலாறு ஆகிய மூன்று துறைகளும் பந்தி பந்தியாக இருந்தன. சமையல் கூடத்தின் மேல் வேதியியல் ஆய்வகம் என்று பலகை தொங்கியது. முகூர்த்த நாட்களில் கல்லூரிக்கு விடுமுறை. ஆடி மாதம் மட்டும் படிப்பு இடைவிடாமல் நடக்கும்.

அந்தச் சமையல் கூடத்தில் கண்ணகி என்று ஒரு கௌரவ விரிவுரையாளர் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தேவி தன் கேள்வியை அவரிடமும் கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நீ ஏன்னு நெனைக்கிற?" என்று திருப்பிக் கேட்டார். அப்புறம் அடுப்பு மேடையில் கிடந்த பழைய மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து, அதில் சுண்ணாம்புத் தண்ணீர், வினிகர், சோப்புத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக விட்டு, இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரியவில்லை. தேவியின் முகம் புரிந்தது.

விருப்பம் ஒன்று: கல்லேரிக்குப்பம்.

வேதியியலுக்கு மொத்தம் நாற்பது இடங்கள். தேவிக்கு நாற்பதாவது இடம் கிடைத்தது. சான்றிதழ் சரிபார்க்கிற வரிசையில் அவளுக்குப் பின்னால் கரியாலூரிலிருந்து வந்த ராதிகா என்ற பெண் நின்றாள். காத்திருப்போர் பட்டியலில் அவள்தான் முதல் பெயர். விடியுமுன்பே மலையிலிருந்து இறங்கி வந்தவள். கொண்டுவந்த சாமைச் சோற்றை இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். "எனக்கு சீட்டு கெடைக்கலன்னா ஆகஸ்டு ரெண்டாந்தேதி குடகுக்கு வேன் ஏத்திடுவாங்க. காப்பித் தோட்டம்," என்று தேவியிடம் சொல்லியிருக்கிறாள். தேவி வீட்டுக்கு வந்து அதையே இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மணமகன் அறையில் சரிபார்த்தவர் இளமாறன். அலுவலக உதவியாளர். தேவியின் மதிப்பெண் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் பக்கம் பக்கமாக வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல தேவிப்ரியா. அதுல தேவிபிரியா. ஒண்ணுல 'ப' மேல புள்ளி. இன்னொண்ணுல வளைவு. இதுல யாரும்மா நீ?"

"ரெண்டும் நான்தான் சார்."

"அத நீ சொல்லக்கூடாது. தாசில்தார் சொல்லணும். ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு சர்ட்டிபிகேட்டு வாங்கியா. செவ்வாக்கிழம சாயங்காலத்துக்குள்ள வரல, சீட்டு போச்சு."

அதற்காகத்தான் போனாள். தாசில்தார் கையெழுத்துப் போட்டார். தேவிப்ரியா, தேவிபிரியா இருவரும் ஒருவரே என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. அந்தக் காகிதத்தோடு ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தபோது உளுந்தூர்பேட்டை புறவழிச் சாலையில் ஒரு லாரி மோதியது. அந்த இருவரும் செத்துப்போனார்கள். எனக்குத் தெரிந்தது ஒருத்தியைத்தான்.

காரியம் முடிந்த மறுநாள் என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அன்புள்ள மாணவி தேவிப்ரியா, கல்லேரிக்குப்பம் உறுப்புக் கல்லூரி உங்களை அன்புடன் வரவேற்கிறது. மறுநாள் இன்னொன்று. அன்புள்ள மாணவி, தாங்கள் இன்னும் வகுப்புக்கு வரவில்லை.

அதே வாரம் தேவியின் கைப்பேசிக்கு ராதிகா பேசினாள். "தேவி இருக்குதுங்களா?" நான்தான் எடுத்தேன். நான்தான் சொன்னேன். அவள், "சோறு நல்லாருக்குதுன்னு சொல்லுச்சிங்க," என்றாள். இடத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் தோன்றியது. ஓர் இடம் காலியாகிவிட்டது. காலி இடத்துக்கு அடுத்த பெயர் இருக்கிறது. ஏரியில் ஓர் ஆள் வராவிட்டால் அடுத்த ஆளை மண் தூக்க அனுப்புவேன். அதைப்போலத்தானே என்று நினைத்தேன். ஜூலை முப்பத்தொன்றாம் தேதிக்குள் நிரப்பாத இடத்தை அப்புறம் நிரப்ப மாட்டார்கள் என்று தேவி சொல்லியிருந்தாள்.

கல்லூரிக்குப் போனேன். இளமாறன், "எழுதிக் குடுங்கம்மா," என்று ஒரு தாள் தந்தார்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். 'என் மகள் இறந்துவிட்டாள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேறு சொல் தேடினேன். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையிலும், காதுகுத்துப் பேனரிலும், செத்துப்போனவர் பெயருக்கு முன்னால் லேட் என்று போடுவோம். லேட் அரங்கநாதன் அவர்களின் பேரன், லேட் சின்னப்பொண்ணு அவர்களின் மகள் என்று. இங்கிலீஷ் சொல், அதனால் மரியாதை. இரண்டே எழுத்து, அதனால் சீக்கிரம் எழுதிவிடலாம்.

பொருள்: லேட் பூ. தேவிப்ரியா, வேதியியல், வரிசை எண் 40. மேற்படியாள் கல்லூரிக்கு வர இயலாத நிலையில் இருப்பதால் அவள் இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் முதலில் உள்ள ராதிகாவுக்கு வழங்கும்படி வேண்டுகிறேன்.

இளமாறன் பொருள் என்ற வரியை மட்டும் படித்தார். சிவப்பு மையால் லேட் என்பதன் கீழ் கோடு போட்டு, முத்திரை குத்தி, ஒரு கட்டுக்குள் வைத்தார். அந்தக் கட்டின்மேல் என்ன எழுதியிருந்தது என்று நான் பார்க்கவில்லை.

பத்து நாள் ஒரு பதிலும் வரவில்லை. இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். அன்று ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. ஒரு பெண் என்மீது பன்னீர் தெளித்துச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். மஞ்சள் பையில் என் மகளின் இறப்புச் சான்றிதழோடு நின்றேன்.

"வாங்க வாங்க. பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"பொண்ணு வூடு," என்றேன். அது பொய்யில்லை.

கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பந்தியில் உட்காரவைத்தார்கள். இலை போட்டுவிட்டார்கள். போட்ட இலையை விட்டு எழுந்தால் மணப்பெண்ணுக்கு ஆகாது என்று உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு வேதியியல் ஆய்வகத்திலிருந்து வந்தது.

மறுநாள் கல்லூரியின் பதில் தபாலில் வந்தது. அதை அப்படியே தருகிறேன். 'தங்கள் மகள் லேட் என்று தாங்கள் அளித்த விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. கிராமப்புற மாணவியர் பேருந்து வசதிக் குறைவால் லேட் ஆவதைக் கல்லூரி நிர்வாகம் பரிவுடன் நோக்குகிறது. மனிதாபிமான அடிப்படையில் மாணவியின் தாமதம் மன்னிக்கப்பட்டது. இனி லேட் ஆகக்கூடாது என அறிவுறுத்தப்படுகிறது.'

என் வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா போட்டிருக்குது?" என்றார்.

"மன்னிச்சிட்டாங்களாம்," என்றேன்.

அவள் போன நாளிலிருந்து அதிகம் பேசாத மனிதர். அந்தக் கறை பட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "நானும் வர்றேன், கெளம்பு," என்றார்.

ஆடி பிறந்துவிட்டதால் கல்லூரி இருந்தது. இளமாறனிடம் இறப்புச் சான்றிதழை வைத்தேன். படித்தார். எங்களை நிமிர்ந்து பார்த்தார். ஒரு நிமிடம் மனிதராக இருந்தார். "த்சொ, சின்னப் பொண்ணாச்சே," என்றார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார்.

"இதுல ஒரு சிக்கல் இருக்குதும்மா. செத்தது தேவிபிரியா. ஆதார் பேரு. நம்ம காலேஜுல சேந்தது தேவிப்ரியா. வேற பொண்ணு."

போலீஸ்காரர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பித் தந்த தாசில்தார் சான்றிதழை அவர் முன் வைத்தேன். ஓரம் மடங்கியிருந்தது. அதில் இருந்த கறை மஞ்சள் கறை இல்லை. அவர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இது சேர்க்கைக்குன்னு குடுத்தது. நீக்கத்துக்குச் செல்லாது. அதுவுமில்லாம..." பதிவேட்டில் விரலை ஓட்டினார். "இது ஏற்கெனவே வந்துடுச்சே. பாருங்க, டிக் போட்டிருக்குது."

"இன்னிக்குத்தான் சார் கொண்டாந்து வெச்சேன்."

"இல்லம்மா. அந்தச் செவ்வாக்கிழம காலையிலயே நாப்பதும் ரொம்பிடுச்சின்னு யுனிவர்சிட்டிக்குக் கணக்கு அனுப்பணும்னாங்க. எப்படியும் சாயங்காலம் கொண்டாந்துடும்னு ஒரு நம்பிக்கையில நானே 'பெறப்பட்டது'ன்னு போட்டு அனுப்பிச்சிட்டேன். பொண்ணு வந்து அலையக்கூடாது பாருங்க."

செவ்வாய்க்கிழமை காலை. அவள் எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டிருந்த நேரம்.

என் வீட்டுக்காரர், "அப்ப அந்தக் காயிதம் தேவையே இல்லியா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

"தேவைதாங்க. ஆனா வந்துடுச்சி," என்றார் இளமாறன்.

எங்களை முதல்வரிடம் அனுப்பினார். மணமகள் அறை. கதவில் 'முனைவர் அருள்மொழி, முதல்வர் (பொறுப்பு)' என்று இருந்தது. அந்தக் கல்லூரியில் எல்லாப் பதவிக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் பொறுப்பு என்று இருக்கும். துறைத்தலைவர் (பொறுப்பு), கண்காணிப்பாளர் (பொறுப்பு), நூலகர் (பொறுப்பு). எதற்கும் இவர் பொறுப்பில்லை என்பதை அப்படி எழுதுவார்கள் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். மேசைக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. அதன் விளிம்பில் போன கல்யாணத்து மணப்பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். முதல்வர் (பொறுப்பு) பேசும்போது அவர் தலையைச் சுற்றி அந்தப் பொட்டுகள் தெரிந்தன.

"உட்காருங்க. உங்க துக்கத்துல நான் பங்கெடுத்துக்கறேன். ஆனா ஒரு நிறுவனமா நாங்க இதைப் பார்க்கணும். நம்ம கல்லூரியில ஒன்பது வருஷமா இடைநிற்றல் பூஜ்யம். ஒரு மாணவியைக்கூட நாங்க இழந்ததில்லை. உங்க பொண்ணை நீக்கினா அது எங்களுக்கு ஒரு இழப்பு. நாற்பது முப்பத்தொன்பதாகும். ஏன்னு கேட்பாங்க. கட்டடம் கேட்டு எழுதியிருக்கோம், அது பாதிக்கும்."

"அந்த எடத்துல ராதிகான்னு மலப்பொண்ண சேத்துக்கலாமே சார். நாப்பது நாப்பதாவே இருக்குமே."

"சேர்க்கணும்னா காலி இடம் வேணும். காலி இடம் வேணும்னா மாணவி விலகணும். விலகணும்னா மாணவி நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். விதி அப்படி." கைகளைக் கோத்துக்கொண்டார். "ஒண்ணைப் புரிஞ்சுக்கங்கம்மா. இறந்தது உங்க குடும்ப விஷயம். அதுல நாங்க தலையிட முடியாது. சேர்ந்தது கல்லூரி விஷயம். அதுல நீங்க தலையிடக்கூடாது."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "கண்ணகி மேடத்த ஒருவாட்டி பாத்துட்டுப் போறோம்," என்றார். அந்த ஒரு பெயர்தான் அவருக்கு நினைவிருந்தது.

"அவங்க கௌரவ விரிவுரையாளர். கௌரவம் மே மாதத்தோட முடிஞ்சிடுச்சு. மறுபடி ஆணை வரணும்."

"அப்ப வேதியியல் யாரு எடுக்கறது?"

"வேதியியல் நல்லாப் போய்க்கிட்டிருக்கு," என்றார் முதல்வர் (பொறுப்பு).

அதற்குள் ஜூலை இருபத்தெட்டு ஆகிவிட்டது. ராதிகாவை வரச்சொல்லி, மறுநாள் மூன்றாவது தடவையாக இளமாறன் முன்னால் நின்றேன். அவருக்கும் எங்களைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்குது. பேரு நீக்கறதுதான் கஷ்டம். பேருக்கு ஆளு வந்தா யாரும் கேக்க மாட்டாங்க. இந்தப் பாப்பாவே தேவிப்ரியான்னு வந்து உக்காந்துக்கட்டும். போட்டோல கொஞ்சம் சாடை இருக்குது. படிப்புதானே வேணும்?"

ராதிகா என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். "பரிச்சையில பாஸ் பண்ணா சர்ட்டிபிகேட்டு யாரு பேருக்கு சார் வரும்?"

"அதுக்கு மூணு வருசம் இருக்குதே."

"என் பேரு ராதிகா சார்," என்றாள் அவள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, நான் அவளிடம் என் தவறைச் சொன்னேன். நான் லேட் என்று எழுதாமல் செத்துப்போனாள் என்று எழுதியிருந்தால் இந்த ஒரு மாதம் வீணாகியிருக்காது.

"அப்படி எழுதியிருந்தா மட்டும் படிச்சிருப்பாங்களா அத்த?" என்றாள்.

ஜூலை முப்பத்தொன்று போயிற்று. ஆகஸ்டு இரண்டாம் தேதி கரியாலூரிலிருந்து வேன் கிளம்பியது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். கல்லூரி விடவில்லை.

புரட்டாசியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழு வந்தது. பெற்றோரும் வர வேண்டும் என்று அச்சடித்த அழைப்பு எனக்கும் வந்தது. தங்கள் மகளின் சாதனையைப் பாராட்டும் விழா. கிழித்துப்போட்டிருப்பேன். சாதனை என்னவென்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

மேடையில் கல்யாணச் சிம்மாசனங்கள் போட்டு ஆய்வுக்குழுவை உட்காரவைத்திருந்தார்கள். முதல்வர் (பொறுப்பு) பேசினார். "கட்டடம் இல்லை என்பார்கள். ஆசிரியர் இல்லை என்பார்கள். இல்லாதவற்றைக் கொண்டு இயங்குவதே நமது கல்லூரியின் தனிச்சிறப்பு. வேதியியல் முதலாம் ஆண்டில் வருகைப் பதிவு நூறு விழுக்காடு. ஆசிரியரே வராத நாட்களிலும் நமது மாணவியர் வந்திருக்கிறார்கள். எந்தச் சூழ்நிலையும் அவர்களைத் தடுக்கவில்லை."

கைதட்டினார்கள். பெயர் பெயராக அழைத்தார்கள். நாற்பதாவதாக, "செல்வி பூ. தேவிப்ரியா. அவர் சார்பில் தாயார்," என்றார்கள்.

மேடை ஏறினேன். சட்டம் போட்ட சான்றிதழ். முழு வருகை. ப மேல் புள்ளி சரியாக வைத்திருந்தார்கள். மேசைமேல், குழு பார்ப்பதற்காக, வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது. பதிவேடு என் தொழில். கண் தானாகப் போயிற்று. அவள் எல்லா நாளும் வந்திருந்தாள். ஆவணி முகூர்த்தங்களுக்கு வந்திருந்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வந்திருந்தாள். குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாமல் என் மகள் தினமும் இந்த மண்டபத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள்.

மேசையில் இருந்த பேனாவை எடுத்தேன். அவள் பெயர்மீது ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியைப் போட்டேன். சுருக்கக் கையெழுத்துப் போட்டேன்.

"ஏம்மா, இன்னா பண்றீங்க? அது அரசு ஆவணம்," என்று இளமாறன் ஓடிவந்தார்.

"செத்துப் பூட்டா சார்," என்றேன். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "லேட்டு இல்ல. செத்துப் பூட்டா. நானும் பொறுப்பாளர்தான். எங்க ஏரியில இதுக்கு ஒரு நிமிசம் ஆவும்."

ஆய்வுக்குழுத் தலைவர் முன்னால் குனிந்து, "யார் இந்த அம்மா?" என்று கேட்டார்.

"உணர்ச்சிவசப்பட்ட பெற்றோர் சார்," என்றார் முதல்வர் (பொறுப்பு). தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். பின்பு எல்லோருக்கும் டீ வந்தது.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. அரசு ஆவணத்தைச் சேதப்படுத்திய எனது செயல் கண்டிக்கப்படுகிறது. பதிவேடு புதிதாக எழுதப்பட்டு, மாணவியின் பெயர் உரிய இடத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டுள்ளது. தாயின் நடத்தையால் மகளின் படிப்புக்கு எந்தப் பாதிப்பும் வராது என்று முதல்வர் (பொறுப்பு) பெருந்தன்மையுடன் உறுதியளித்திருக்கிறார். கல்லூரிக்குக் கட்டடம் கிடைக்குமாம். ஆய்வுக்குழு பரிந்துரைத்துவிட்டது.

ஐப்பசியில் ராதிகா குடகிலிருந்து பேசினாள். மழை, அட்டை, கை வெடிப்பு என்று ஏதேதோ சொன்னாள். கடைசியில், "தேவி பேரு இன்னும் லிஸ்டுல இருக்குதா அத்த?" என்று கேட்டாள்.

"இருக்குதும்மா," என்றேன். "அடுத்த வருசம் நீ மறுபடியும் போடு. மூணு காலேஜும் போடு. நான் கூட வர்றேன்."

"பாக்கலாம் அத்த," என்றாள்.

என் வீட்டுக்காரர் இப்போது அந்த வெள்ளைச் சட்டையை வேலைக்கும் போட்டுக்கொண்டு போகிறார். வாரத்துக்கு இரண்டு முறை துவைக்கிறேன். வெயிலில் போட்டால் மஞ்சள் கறை போய்விடும் என்பதால் உள்ளே கொடியில் காயப்போடுகிறேன். சோப்புப் போடும்போது அவர் வந்து பக்கத்தில் குந்திக்கொள்வார். பாக்கெட்டுக்குக் கீழே, அந்த இடம் மட்டும், இப்போதும் சிவக்கிறது.